‘சூப்பர்நேச்சுரல்’ ஐந்தாம் சீசன் முடிவை மறுபடி பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில்தான் இந்தத் தொடரைக் கூடி உட்கார்ந்து பார்ப்பதும், பார்த்தவர்கள் ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடை மறுபடி போடச் சொல்வதும் எங்கள் பகுதியில் அதிகம். ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். கதை முடிவு வரை வெளிப்படையாக வருவதால், இன்னும் பார்க்காதவர்கள் முதல் நான்கு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இது என்ன தொடர் அண்ணே? எந்த எபிசோடைச் சொல்றீங்க?

‘சூப்பர்நேச்சுரல்’ 2005 முதல் 2020 வரை 15 சீசன்களாக, 327 எபிசோடுகளாக ஒளிபரப்பான அமெரிக்கத் தொடர். டீன் வின்செஸ்டர் மூத்தவன், சாம் அவனுக்கு நான்கு வயது இளையவன். தாயைத் தீயில் பறிகொடுத்து, தந்தை காட்டிய வழியில் பேய்களையும் அரக்கர்களையும் வேட்டையாடியபடி, 1967-ஆம் ஆண்டு மாடல் கறுப்பு செவ்ரோலே இம்பாலா காரில் ஊர் ஊராகத் திரிகிறார்கள். டீனாக ஜென்சன் ஆக்கிள்ஸும் சாமாக ஜாரெட் படலெக்கியும் நடித்தார்கள்.

இங்கே பேசப்படுவது ‘ஸ்வான் சாங்’ என்ற 104-ஆவது எபிசோடு. 2010 மே 13 அன்று ஒளிபரப்பானது. தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி திரைக்கதை எழுத, ஸ்டீவ் போயம் இயக்கினார்.

பதினஞ்சு சீசன் இருக்கும்போது அஞ்சாவதோட முடிவை மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கணும்?

கிரிப்கி ஐந்து சீசன்களில் முடியும் ஒரே கதையாகத்தான் இதைத் திட்டமிட்டிருந்தார். முதல் எபிசோடில் தொடங்கிய தீ, தாயின் சாவு, சாமின் மேல் கண் வைத்திருந்த மஞ்சள் கண் பிசாசு ஆகிய எல்லாம் இங்கே வந்து கணக்குத் தீர்கின்றன. இதற்குப் பிறகு அவர் பொறுப்பிலிருந்து விலக, ஆறாம் சீசனிலிருந்து சேரா கேம்பிள் தொடரை நடத்தினார். பின்னால் வந்தவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால், தன் முதல் நாளை நினைவில் வைத்துக்கொண்டு முடியும் கதை இந்த ஐந்து சீசன்கள்தான் என்பது என் உறுதியான கருத்து.

மறுபடி பார்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. முதல் முறை நாம் சண்டைக்காகக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் எபிசோடு தொடக்கத்திலிருந்தே காரைப் பற்றிப் பேசுவதை இடைச்செருகல் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். முடிவு தெரிந்தபின் பார்க்கும்போது, காரின் கதைதான் முதன்மை என்பதும் சண்டை அதற்குள் வரும் ஒரு நிகழ்ச்சி என்பதும் விளங்கும்.

முன்னாடி எதுவுமே பார்க்கலை. நேரா இதையே போட்டா புரியுமா?

நிகழ்ச்சிகள் புரியும், வலி புரியாது. எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லாதவர்கள் குறைந்தது சிலவற்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும்: தொடரின் முதல் எபிசோடு, டீன் கடந்த காலத்துக்குச் சென்று இளம் தந்தையைச் சந்திக்கும் நான்காம் சீசனின் மூன்றாவது எபிசோடு, வீழ்ந்த தேவதூதனான லூசிஃபர் தன் பக்க நியாயத்தைச் சொல்லும் ஐந்தாம் சீசனின் நான்காவது, சகோதரர்களின் வேறு தாய்க்குப் பிறந்த தம்பி ஆடம் திரும்பி வரும் பதினெட்டாவது, மரணம் என்ற பாத்திரம் டீனைச் சந்திக்கும் இருபத்தொன்றாவது.

ஆங்கில வசன வரிகளை நிறுத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள். சாமும் லூசிஃபரும் ஒரே முகத்தில், ஒரே குரலில் பேசும் இடங்களில் சொல்லைத் தவறவிட்டால் யார் பேசுகிறார் என்பதே தவறிப்போகும்.

பிள்ளைங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். ஒருவர் வெடித்துச் சிதறுவதும், ஒருவரின் கழுத்து முறிக்கப்படுவதும், அண்ணன் முகம் அடையாளம் தெரியாதபடி அடிபடுவதும் காட்டப்படுகின்றன.

வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒருவர் உடலில் வேறொருவர் புகுந்து பேசுவது இந்தக் கதையின் விதி, மனநோய்க்கு அது விளக்கம் ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். அந்த மாவட்டத்தில் வாழும் நாம் கதைக்கும் நோய்க்கும் உள்ள எல்லையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

கடைசியில என்னதான் நடக்குது? ஒரு தடவை வரிசையாச் சொல்லுங்களேன்.

முன்பு அடைபட்டிருந்த கூண்டிலிருந்து வெளிவந்துவிட்ட லூசிஃபரை மறுபடி அதில் அடைக்க நான்கு குதிரை வீரர்களின் மோதிரங்கள் வேண்டும். போர், பஞ்சம், கொள்ளைநோய், மரணம் ஆகிய நால்வரின் மோதிரங்களும் சகோதரர்களிடம் சேர்ந்துவிட்டன. லூசிஃபரைத் தன் உடலுக்குள் வரவிட்டு, உள்ளிருந்தபடியே அவனை அடக்கி, அவனோடு சேர்ந்து தானும் கூண்டுக்குள் குதிப்பது சாமின் திட்டம். அந்த வலிமைக்காகப் பிசாசு ரத்தத்தைக் குடித்துவிட்டு டெட்ராய்ட் நகரில் லூசிஃபரிடம் சம்மதம் சொல்கிறான். லூசிஃபருக்கு மோதிரங்களைப் பற்றி முன்பே தெரியும். அவன் வெல்கிறான், மோதிரங்களை எடுத்துக்கொண்டு மறைகிறான்.

மறுநாள் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகருக்கு வெளியே உள்ள ஸ்டல் கல்லறைத் தோட்டத்தில் லூசிஃபரும் அதிதூதர் மிக்கேலும் எதிர்ப்படுகிறார்கள். டீன் காரை ஓட்டிக்கொண்டு நடுவில் வருகிறான். அவனுக்குத் துணையாக வந்த தேவதூதன் கேஸ்டியலும், தந்தையைப் போன்ற பாபியும் கொல்லப்படுகிறார்கள். டீனைக் காரோடு சாய்த்து லூசிஃபர் அடிக்கிறான். ஓங்கிய கை ஒரு நொடி நிற்கிறது, சாம் தன் உடலை மீட்கிறான், கூண்டைத் திறக்கிறான், தடுக்க வந்த மிக்கேலையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். கேஸ்டியல் உயிரோடு திரும்பி வந்து டீனைக் குணமாக்கி, பாபியையும் எழுப்புகிறான். தம்பிக்குக் கொடுத்த வாக்குப்படி டீன் லிசா என்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். வெளியே தெருவிளக்கின் கீழே சாம் நிற்கிறான்.

நம்ம ஊர்ல பேய் புடிக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே? எதுக்குச் சம்மதம் கேட்டுக்கிட்டு இருக்காங்க?

இந்தத் தொடரில் இரண்டும் வேறு. பிசாசுகள் யாரையும் கேட்காமல் புகுந்துவிடும். தேவதூதர்களோ உடலுக்கு உரியவர் வாய்திறந்து சம்மதம் சொன்னால்தான் நுழைய முடியும், லூசிஃபரும் வீழ்ந்த தேவதூதன் என்பதால் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவன். ஐந்தாம் சீசன் முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது. மிரட்டுகிறார்கள், ஆசை காட்டுகிறார்கள், உறவுகளைப் பணயம் வைக்கிறார்கள்.

இராமநாதபுரத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். காப்புக் கட்டி விரதமிருந்து சாமி இறங்கக் காத்திருப்பவரையும், பேய் பிடித்ததாகச் சொல்லப்படுபவரையும் ஊர் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முன்னவர் தன்னைத் தானே ஆயத்தப்படுத்திக்கொண்டவர். சாமும் தெரிந்தே கதவைத் திறப்பவன்தான். அவன் ஏமாந்தான் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. தோற்றால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னான். திட்டத்தைக் கேட்டபோதெல்லாம் மறுத்துவந்த டீன், கடைசியில் தம்பி வளர்ந்துவிட்டான், முடிவு அவனுடையது என்று ஒப்புக்கொள்கிறானே, அந்தப் பேச்சை அவசரப்படாமல் கேளுங்கள்.

இது திருவெளிப்பாட்டுல அப்படியே இருக்குதா?

இல்லை. விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் 12-ஆம் அதிகாரத்தில் மிக்கேலும் அவருடைய தூதர்களும் அரக்கப் பாம்போடு போரிடுவது வருகிறது. 6-ஆம் அதிகாரத்தில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, வெளிறிய நிறக் குதிரைகளில் நான்கு வீரர்கள் வருகிறார்கள். அவர்களில் பெயர் சொல்லப்படுபவர் நான்காமவரான சாவு மட்டுமே. 20-ஆம் அதிகாரத்தில் சாவியும் சங்கிலியுமாக இறங்கும் ஒரு வானதூதர் அரக்கப் பாம்பைக் கட்டி ஆயிரம் ஆண்டுகளுக்குப் படுகுழியில் அடைக்கிறார். கூண்டு என்ற எண்ணத்துக்கு மிக நெருக்கமானது அந்த இடம்.

மோதிரங்கள், மனித உடலைக் கேட்டு வாங்குவது, மிக்கேல் அண்ணன் லூசிஃபர் தம்பி என்ற உறவு ஆகியவை தொடர் எழுதியவர்களின் கற்பனை. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மிக்கேல் அதிதூதரிடம் வேண்டிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களோடு பார்க்கும்போது, திரையில் வருபவர் அதே பெயர் கொண்ட ஒரு கதாபாத்திரம் என்று முன்பே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

இது எங்க ஓதுற பள்ளியில சொன்ன இப்லீஸ் கதைதானே காக்கா?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டது இது. பாதி உண்மை. ஐந்தாம் சீசனின் நான்காவது எபிசோடில் லூசிஃபர் தன் வீழ்ச்சிக்குச் சொல்லும் காரணம், மனிதனுக்குப் பணியும்படி ஆணை வந்தபோது தான் மறுத்தது. ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸின் வரலாறு குர்ஆனில் பல இடங்களில் வருகிறது. தான் நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவன், அவரோ களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டவர் என்று அவன் பெருமை பேசுவது ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

வேறுபாடும் பெரியது. பதினெட்டாம் அத்தியாயம் இப்லீஸை ஜின்களில் ஒருவன் என்கிறது, தொடரோ அவனைத் தேவதூதனாக வைக்கிறது. தொடரில் அவன் பேச்சில் பெருமையைவிடத் தந்தையிடம் காயப்பட்ட பிள்ளையின் புலம்பலே மேலோங்கி நிற்கிறது. பார்ப்பவர் ஒரு கணம் அவன் பக்கம் சாய்ந்துவிட வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

உலகமே அழியப்போகுதுன்னு சொல்லிட்டு ஒரு கல்லறைத் தோட்டத்துல நாலு பேரை நிக்க வச்சு முடிச்சுட்டாங்களே?

இந்தக் குறையை நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்டல் என்பது கான்சாஸில் உண்மையாகவே உள்ள ஒரு சிற்றூர். அதன் கல்லறைத் தோட்டம் நரகத்தின் வாசல் என்ற வதந்தி, 1974-இல் கான்சாஸ் பல்கலைக்கழக மாணவர் இதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு பரவியது. அந்த ஊருக்கு அருகில் இருப்பதால்தான் கிரிப்கி சகோதரர்களின் சொந்த ஊராக லாரன்ஸைத் தேர்ந்தார். படப்பிடிப்பு நடந்ததோ கனடாவின் வான்கூவர் பகுதியில்.

ஸ்டல் மக்கள் அந்த வதந்தியால் பட்ட தொல்லை கொஞ்சமில்லை. இரவில் பேய் பார்க்க வருபவர்கள் தங்கள் முன்னோர் கல்லறைகளை மிதிப்பதை யார்தான் பொறுப்பார்கள்? 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் உறவுகளை இழந்த தனுஷ்கோடிக் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்த இடிபாடுகளை ‘பேய் நகரம்’ என்று காட்டும் காணொளிகளைப் பார்க்கும்போது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

காட்சி சிறியதாக இருப்பது எனக்கு நிறைவாகவே இருக்கிறது. வானம் பிளந்து படைகள் மோதியிருந்தால், அடுத்த கேள்வியில் வரும் அந்தச் சின்னப் பொருளுக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்ததும் சாத்தான் தோத்துட்டானா? நம்பவே முடியலை.

பொம்மையைப் பார்த்துத் தோற்றது சாத்தான் இல்லை, பார்த்து விழித்துக்கொண்டது சாம். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். லூசிஃபரின் கை ஓங்கியிருக்கிறது. கார்மேல் பட்ட வெயில் பளிச்சென்று அவன் கண்ணில் அடிக்கிறது. பார்வை காருக்குள் திரும்புகிறது. சாம்பல் கிண்ணத்தில் கைவிரல் அளவு பச்சை நிறப் படைவீரன் பொம்மை ஒன்று செருகிக்கொண்டு நிற்கிறது. சிறு வயதில் சாம் திணித்து, எடுக்க வராமல் அப்படியே விடப்பட்டது. உடனே நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்கின்றன. கை தளர்கிறது.

இந்தப் பொம்மை வானத்திலிருந்து குதிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே, கதை சொல்லும் சக் என்ற எழுத்தாளர் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்: சாம் செருகிய பொம்மை, டீன் காற்றுத் துளைகளுக்குள் போட்ட லெகோ கட்டைகள், அவை இன்றும் உள்ளே கடகடவென்று உருளும் சத்தம். விபத்தில் நொறுங்கிய காரை இரண்டாம் சீசனில் டீன் அடியிலிருந்து திரும்பக் கட்டியபோதும் இவற்றை மட்டும் அப்படியே விட்டுவைத்தான் என்கிறார். பழைய மரவள்ளத்தைப் பழுதுபார்க்கும்போது, தாத்தா ஆணியால் கீறிய குறி இருக்கும் பலகையை மாற்றவிடாத வீட்டாருக்கு டீன் ஏன் அப்படிச் செய்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நான்கு சுவரும் கூரையும் இல்லாமல் வளர்ந்த இருவருக்கும் அந்தக் கார்தான் வீடு. வேற்றாள் குடியேறிய உடலுக்குள் சாம் தன்னைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் வீடு கண்ணுக்கு எதிரே நின்றது.

பொம்மை மட்டும் போதுமா என்றால், போதாது. அடிபட்டுக்கொண்டே டீன், தான் இங்கேயே இருப்பதாகவும் விட்டுப் போகப்போவதில்லை என்றும் தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் கையில் ஆயுதம் கிடையாது, திட்டமும் கிடையாது. தம்பி சாகும்போது தனியாக இருக்கக்கூடாது என்பதற்காக மட்டுமே வந்தவன் அவன். இந்த எபிசோடில் நான் மிகவும் மதிப்பது அந்த வருகையைத்தான். காரை அங்கே கொண்டுவந்ததும் அதுதானே.

மிக்கேல் நல்லவர் பக்கம்தானே? அவரையும் சேர்த்து ஏன் தள்ளுறாங்க?

சண்டைக்கு முன்னால் இருவரும் பேசும் சில வரிகளை முதல் முறை பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. ஒருவரையொருவர் ஏன் கொல்ல வேண்டும், இருவருமே விலகிப் போய்விடலாமே என்று கேட்பவன் லூசிஃபர். மறுப்பவர் மிக்கேல். தான் நல்ல மகன், தந்தையின் ஆணை தனக்கு உண்டு என்பது அவர் பதில்.

ராமேசுவரத்துப் பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக் கும்பகர்ணனை நினைவுபடுத்தினார். தவறு என்று தெரிந்தும் கடமைக்காகப் போர்க்களம் போனவன் கும்பகர்ணன். பொருத்தம் ஓரளவுதான். கும்பகர்ணன் அண்ணனிடம் நேருக்கு நேர் அறம் சொல்லிவிட்டுப் போனான், மிக்கேலோ கேள்வியே கேட்பதில்லை. கீழ்ப்படிதலுக்காகத் தம்பியைக் கொல்லத் துணிந்த ஓர் அண்ணனும், தம்பிக்காக எல்லா ஆணையையும் மீறி வந்த ஓர் அண்ணனும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

ஆடம் பாவம் இல்லையா?

பாவம்தான். இந்த முடிவில் எனக்குள்ள உண்மையான மனக்குறை இது ஒன்றே. டீன் மறுத்ததால் மிக்கேல் எடுத்துக்கொண்ட உடல் ஆடமுடையது. வேறு தாய்க்குப் பிறந்த தம்பி அவன். நான்காம் சீசனில் அவன் ஏற்கெனவே இறந்துபோனவனாக அறிமுகமாகி, ஐந்தாம் சீசனில் தேவதூதர்களால் எழுப்பப்பட்டு, தாயைத் திரும்பப் பார்க்கும் ஆசையில் சம்மதித்தவன். சாம் இழுத்துக்கொண்டு விழுந்தது அந்தப் பையனின் உடலையும்தான்.

சாமை மீட்க எத்தனையோ நடந்தது. ஆடம் மறுபடி வெளியே வந்து பேசுவது 15-ஆம் சீசனின் எட்டாவது எபிசோடில். உடன்பிறந்தான் என்ற உறவை இவ்வளவு உயர்த்திப் பேசும் கதை, ஒரு தம்பியை இப்படி விட்டுவைத்தது நியாயமில்லை.

பாபியும் கேஸ்டியலும் செத்த கையோட எழுந்து வந்துட்டாங்க. அப்போ சாவுக்கு என்ன மதிப்பு?

கேஸ்டியலை யார் எழுப்பியது என்பதற்கு விடை சக்கைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது. பாபியின் மீட்பு விரைந்து நடந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சாவின் கனம் குறையவில்லை, ஏனென்றால் திரும்பி வர வேண்டிய ஒருவன் வரவில்லை. போனவரைத் தேடி அலையாதே, லிசாவிடம் போ, சாதாரணமாக வாழ் என்று சாம் வாங்கிய வாக்கை டீன் நிறைவேற்றுகிறான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் இருக்கிற இந்தக் கரையில், டீன் அந்தக் கதவில் நிற்கும் காட்சி வரும்போது பேச்சு அடங்கிவிடுகிறது.

தெருவிளக்குக்குக் கீழே நின்னது சாம்தானா? எப்படி வந்தான்?

சாமின் உடல்தான். ஆறாம் சீசன் விளக்கம் சொல்கிறது: கேஸ்டியல் அவனை மீட்டபோது உடல் மட்டுமே வந்தது, ஆன்மா கூண்டிலேயே இருந்துவிட்டது. அடுத்த சீசனுக்குப் போகாதவர்கள் அந்தக் கடைசி நொடிகளைக் கதையின் பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் யோசனை.

சக் யாரு? எழுதிட்டு இருந்தவர் ஏன் திடீர்னு மறையறாரு?

சக் ஷர்லி நான்காம் சீசனில் வருபவர். சகோதரர்களின் வாழ்க்கையைக் கனவில் கண்டு நாவல்களாக எழுதும் தீர்க்கதரிசி என்று அறிமுகமாகிறார். இந்த எபிசோடில் கதையை எழுதி முடித்து, புன்னகைத்து, காற்றில் கரைகிறார். அவரே கடவுள் என்ற ஐயம் அன்றே எழுந்தது. 2016-இல், 11-ஆம் சீசனின் இருபதாவது எபிசோடில் அது உறுதியானது. கேஸ்டியல் முன்னைவிட வலிமையோடு திரும்பி வந்தது எப்படி என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

மறுபடி பார்க்கும்போது அவர் சொல்லும் விவரங்களை எடைபோடுங்கள். 1967 ஏப்ரல் 21 அன்று ஜெனரல் மோட்டார்ஸின் பத்துக் கோடியாவது கார் விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில் ஆலையிலிருந்து வெளிவந்தது. இது உண்மை நிகழ்ச்சி. அதற்கு மூன்று நாள் கழித்து, யாரும் கொண்டாடாமல், இந்த இம்பாலா வெளிவந்ததாகச் சக் சொல்கிறார். அதன் முதல் உரிமையாளர் ஏழைகளுக்கு விவிலியம் கொடுத்துத் திரிந்த ஒரு குடிகாரர் என்றும், சகோதரர்களுக்கு இது எதுவும் தெரியாது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அவர்களின் கனவை மட்டும் காணும் தீர்க்கதரிசிக்கு, அவர்களுக்கே தெரியாதது எப்படித் தெரிந்தது?

அப்போ எல்லாத்தையும் சக்தான் எழுதினாருன்னா, சாம் ஜெயிச்சது அவன் ஜெயிச்சதா, இல்லை அவரு எழுதி வச்சதா?

இந்தக் கேள்விதான் மிகக் கடினமானது. 14-ஆம் சீசனின் இறுதியிலிருந்து சக், சகோதரர்களின் துன்பத்தைக் கதையாக ரசிக்கும் எதிரியாகிவிடுகிறார். அதைப் பார்த்துவிட்டு இங்கே திரும்புகிறவர்களுக்கு, கார் பற்றிய அந்த அன்பான வர்ணனைகூடக் கசந்துபோவது இயல்பு. 2010-இல் எழுதப்பட்டதன் மேல் 2019-இல் எழுதப்பட்டதை ஏற்ற வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பிக்கும் வழி என்றே எனக்குப் படுகிறது. தொடர் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேர்த்துப் பார்த்தாலும் சாமின் வெற்றி அவனுடையது என்றே நினைக்கிறேன். விதி, வான்திட்டம், தீர்க்கதரிசனம் என்று ஐந்து சீசன்களாகச் சொல்லப்பட்டதெல்லாம் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் கொல்வதைத்தான். மிக்கேலும் லூசிஃபரும் தங்களுக்குச் சொல்லப்பட்டபடி நடந்தார்கள். சாமும் டீனும் நடக்கவில்லை. பொம்மையைச் செருகியது ஒரு சிறுவன், அதைக் காப்பாற்றி வைத்தது அவன் அண்ணன். சக் அவற்றைத் தெரிந்துவைத்திருந்தார், வரிசைப்படுத்திச் சொன்னார், அவ்வளவே. இதை ஏற்காதவர்கள் 15-ஆம் சீசனின் பத்தொன்பதாவது எபிசோடையும் பார்த்துவிட்டு, சக் அங்கே யாரிடம், எப்படித் தோற்கிறார் என்று கவனித்துவிட்டு வாதத்துக்கு வரட்டும்.